புதிய விண்மீனைக் கண்டவர் யார்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

1572-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் மாலை, டென்மார்க் நாட்டில் டைக்கோ பிராகி என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். காசியோப்பியா என்னும் விண்மீன் கூட்டத்தில், நேற்றுவரை வெறுமையாகக் கிடந்த இடத்தில், வெள்ளிக் கோளை ஒத்த ஒளியுடன் ஒரு விண்மீன் சுடர்விட்டது! தம் கண்களையே அவரால் நம்ப இயலவில்லை. உடன் வந்த வேலையாட்களுக்குக் காட்டினார். அதுவும் போதாதென்று, வழியே வந்த நாட்டுப்புறத்து மக்களையும் நிறுத்தி, அவர்களுக்கும் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்று அவர்கள் சொன்ன பிறகே அவருக்கு மனம் அமைந்தது.

அந்த விண்மீனுக்கு இன்றளவும் 'டைக்கோவின் விண்மீன்' என்றே பெயர். ஆனால் அவருக்குச் சில நாள் முன்பே ஐரோப்பாவில் வேறு சிலர் அதைக் கண்டிருந்தனர். சீனத்திலும் குறித்து வைத்தனர். அப்படியிருக்கப் பெயர் மட்டும் டைக்கோவுக்கு ஏன் போயிற்று? அவர் அளந்தார் என்பதே விடை. அது சந்திரனைக் காட்டிலும் அருகில் இருக்குமானால், பின்னணி விண்மீன்களை நோக்க இடம் பெயர்ந்து தெரிய வேண்டும். பல நாள் அளந்தும் அது அசையவில்லை. ஆகவே அது சந்திரனுக்கு வெகு தொலைவுக்கு அப்பால் உள்ளது என்று நிறுவினார். சந்திரனுக்கு மேலே உள்ள வானம் என்றும் மாறாதது என்று அரிஸ்டாட்டில் காலம் தொட்டுக் கற்பிக்கப்பட்டு வந்த பாடம் அன்று ஆட்டம் கண்டது. 1573-இல் இலத்தீன் மொழியில் அவர் எழுதிய நூலின் பெயரில் இருந்த 'நோவா', அதாவது 'புதியது', என்ற சொல்தான் இன்று நம் பாடநூல் வரை வந்திருக்கிறது.

பார்த்தவர் பலர், அளந்தவர் ஒருவர். இவர்களில் கண்டுபிடித்தவர் என்று யாரைச் சொல்வது? நானூற்றைம்பது ஆண்டுகளாக வானியலில் தொடர்ந்து வரும் வழக்கு இது. இதில் எனக்குத் தோன்றும் கருத்தைப் பேராசிரியப் பெருமக்கள் முன்பும் மாணவ நண்பர்கள் முன்பும் வைக்க விழைகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நோவாவும் சூப்பர்நோவாவும் பெயரில் உறவினர், இயல்பில் வேறானவை. வெள்ளைக் குள்ளன் எனப்படும் முதிர்ந்த, அடர்ந்த விண்மீன் ஒன்று தன் துணை விண்மீனிடமிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சிச் சேர்க்கிறது. சேர்ந்த சரக்கு ஒருநாள் மேற்பரப்பிலேயே அணுக்கரு வினையால் தீப்பற்றிக்கொள்கிறது. அதுவே நோவா. விண்மீன் அழிவதில்லை, மறுபடியும் சேர்க்கத் தொடங்கிவிடுகிறது. சூப்பர்நோவாவோ விண்மீனின் மரணம். அதன் ஒளி சில வாரங்கள் ஒரு முழு விண்மீன் திரளின் ஒளிக்கே ஈடாக நிற்கும். இவ்விரண்டும் வெவ்வேறு என்று பிரித்து, 1934-இல் 'சூப்பர்நோவா' என்ற சொல்லை நிலைநாட்டியவர்கள் வால்டர் பாடேயும் பிரிட்ஸ் ஸ்விக்கியும் ஆவர். 1941-இல் ருடால்ப் மின்கோவ்ஸ்கி சூப்பர்நோவாக்களை இரு வகையாகப் பிரித்தார். நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் இல்லாதது முதல் வகை. இருப்பது இரண்டாம் வகை.

நிறமாலை என்றவுடன் நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது! நம் ஆய்வகத்து இருட்டறையில், சோடியம் ஆவி விளக்கின் முன் நிறமாலைமானியை வைத்துக்கொண்டு, வெர்னியர் அளவைப் படித்துப் படித்துக் கண் வலித்த அந்தப் பிற்பகல்களை யார்தான் மறப்பர்? மஞ்சளில் 589.0, 589.6 நானோமீட்டரில் இரட்டைக் கோடு. பதிவேட்டில் எழுதி, கையொப்பம் வாங்கி, மறந்துவிடுகிறோம். ஆனால் பல கோடி ஒளியாண்டுக்கு அப்பால் மடிந்த விண்மீன் எப்படி மடிந்தது என்பதை அறிய, உலகின் பெரிய வானாய்வகங்கள் செய்வதும் இதே வேலைதான். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். சிலிக்கான் அயனியின் ஒரு கோடு ஆய்வகத்தில் 635.5 நானோமீட்டரில் இருக்க வேண்டும். ஒரு வகைச் சூப்பர்நோவாவில் அது 615-க்கு அருகில் பள்ளமாகத் தெரிகிறது. இருபது நானோமீட்டர் நகர்வு. ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று. ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று என்றால் விநாடிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சிலிக்கான் நம்மை நோக்கிச் சிதறி வருகிறது என்று பொருள். டாப்ளர் விளைவைத் தேர்வுக்காக மட்டும் படித்தவர்கள் ஒருமுறை இதைக் கையால் போட்டுப் பார்க்கலாம்.

இனி நான் சொல்ல வந்த மனிதரிடம் வருகிறேன். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் ராபர்ட் எவான்ஸ் என்றொரு கிறித்தவப் போதகர் வாழ்ந்தார். வானியலில் அவர் தொழில்முறையாளர் அல்லர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கம்; மேகமற்ற இரவுகளில் வீட்டு முற்றத்தில் பத்து அங்குலத் தொலைநோக்கி. அதில் அவர் செய்தது ஒரே காரியம்: ஒவ்வொரு விண்மீன் திரளாகத் திருப்பிப் பார்ப்பது, அதில் நேற்றில்லாத புள்ளி ஏதும் உண்டா என்று தேடுவது. இதற்குப் படத்தை வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் இரவு போதாது. ஆகையால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரள்களின் தோற்றத்தையும், அவற்றைச் சூழ்ந்த விண்மீன்களையும் மனத்திலேயே பதித்து வைத்திருந்தார். 1981-இல் முதல் வெற்றி. 2022-இல் அவர் காலமானபோது கண்ணால் பார்த்தே கண்டுபிடித்த சூப்பர்நோவாக்கள் 42. கண்ணால் தேடியவர்களில் இந்த எண்ணிக்கையை எட்டியவர் வேறு எவரும் இல்லை.

இதை வியப்புச் செய்தியாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. பத்திரிகைகள் அப்படித்தான் செய்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1983 ஜூலை 3-ஆம் நாள் எம்83 என்னும் திரளில் எவான்ஸ் ஒரு புள்ளியைக் கண்டார். அது உச்ச ஒளியை எட்டுவதற்கு முன்பே கண்டதால், தொழில்முறை வானியலார் தொடக்கத்திலிருந்தே நிறமாலை எடுக்க முடிந்தது. அதில் ஹைட்ரஜன் இல்லை. எனவே முதல் வகை. ஆனால் முதல் வகையில் இருந்தே ஆக வேண்டிய அந்தச் சிலிக்கான் பள்ளமும் இல்லை! போதாததற்கு ரேடியோ அலைகளும் வந்தன. முதல் வகையில் அதற்கு முன் எதிலும் ரேடியோ அலை கிடைத்ததில்லை. அடுத்த ஆண்டு எவான்ஸ் இன்னொன்றைக் கண்டார். அதில் ஹீலியம் கோடுகள் தெளிவாக நின்றன. இவ்வாறான ஓரிரண்டு முன்பும் தென்பட்டதுண்டு; அவை விதிவிலக்கு என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. இப்போது ஒதுக்க முடியவில்லை. 1985 வாக்கில் முதல் வகை இரண்டாகப் பிளந்தது. பழையது 'ஒன்று-ஏ' ஆயிற்று, புதியது 'ஒன்று-பி'. பின்னர் ஹீலியமும் இல்லாதவற்றுக்கு 'ஒன்று-சி' என்று பெயர் வைத்தனர்.

பெயர் மாற்றத்தால் என்ன வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. 'ஒன்று-ஏ' என்பது வெள்ளைக் குள்ளன் முழுவதுமாக வெடித்துச் சிதறுவது. 'ஒன்று-பி' என்பதோ மேலாடையான ஹைட்ரஜனை இழந்துவிட்ட ஒரு பெரு விண்மீனின் உட்கரு நொறுங்குவது, சராசரியில் மங்கலானதுங்கூட. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டு அவற்றின் ஒளியை வைத்துத் தொலைவு கணக்கிட்டால் தப்புக் கணக்குத்தான் வரும். 'ஒன்று-ஏ' வகையைத் தனியே பிரித்தெடுத்துத் தொலைவுகளை அளந்ததால்தான், அண்டம் விரிவடையும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பது 1998-இல் தெரியவந்தது. அதற்கு 2011-இல் பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. போதகரின் முற்றத்துக்கும் அந்த மேடைக்கும் நேர்க்கோடு போட்டுவிட முடியாது என்பது உண்மை. ஆனால் வகைகளைத் தெளிவாகப் பிரித்த வேலையில் அவர் முற்றத்துக்கும் பங்கு உண்டு.

அதே வேளையில், நிறமாலை எடுக்க ஆள் இல்லாதிருந்தால் எவான்ஸ் கண்டது ஒரு புள்ளியாகவே போயிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்வலரைப் புகழ்வதாக எண்ணிப் பட்டம் பெற்ற விஞ்ஞானிகளை ஏளனம் செய்வது இப்போது ஒரு பாணியாகி வருகிறது. 'படிக்காத மேதை' என்று சொல்லிக் கைதட்டுவதில் நம்மவர்க்குத் தனி மகிழ்ச்சி! எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் கொத்தனார். என்னைப் படிக்க வைக்க அவர் சுமந்த சுமை எனக்குத் தெரியும். படிப்பு தேவையில்லை என்ற பேச்சை, படிப்பைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றவர்கள் வேண்டுமானால் விளையாட்டாகப் பேசலாம்.

ஆனால் படிப்புக்கு முன்பே இருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. என் அப்பத்தா பள்ளிக்கூடம் கண்டதில்லை. கமலை இறைத்த காலத்தில் ஆறாமீன் எங்கே நிற்கிறது, விடிவெள்ளி எப்போது எழும் என்று பார்த்துத்தான் ஆட்களை எழுப்புவாராம். வானில் பழையது எது என்று அவருக்குத் தெரியும். பழையது தெரிந்தவனுக்குத்தான் புதியது கண்ணில் படும். கல்லூரியில் விண்மீன்களின் பரிணாமத்தைப் பத்துப் பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கும் நம்மில் எத்தனை பேருக்குக் கேட்டை எது, மகம் எது என்று காட்டத் தெரியும்?

1987 பிப்ரவரி 24-ஆம் நாள் இரவு சிலி நாட்டின் லாஸ் காம்பானாஸ் வானாய்வகத்தில் நடந்ததும் இதையே காட்டுகிறது. இயன் ஷெல்டன் ஒரு சிறு தொலைநோக்கியில் பெரிய மெகல்லன் மேகத்தைப் படமெடுத்து, தகட்டில் புதிய விண்மீனைக் கண்டார். ஓடிப்போய்ச் சொன்னபோது, தொலைநோக்கி இயக்குபவராக அங்கே பணியாற்றிய ஆஸ்கர் துஹால்டே, சிறிது நேரத்துக்கு முன் வெளியே சென்றபோது வெறுங்கண்ணாலேயே அதைத் தாம் பார்த்ததாகக் கூறினார். நியூசிலாந்தில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்ற ஆர்வலரும் அதே சமயத்தில் தனியே கண்டார். துஹால்டேயின் தொழில் கருவியை இயக்குவது. ஆனால் அந்த மேகத்தின் முகம் அவருக்குப் பழக்கம். அந்த விண்மீன் நொறுங்கியபோது வெளிப்பட்ட நியூட்ரினோக்கள், ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பானிலும் வேறு இடங்களிலும் நிலத்தடிக் கருவிகளில் பதிந்திருந்தன. ஆனால் பதிவேட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே கண்ணால் கண்ட செய்தி வந்த பிறகுதான் எழுந்தது.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்து விக்டர் பூசோவின் கதை இன்னும் சுவையானது. அவர் தொழில் பூட்டுச் சாவி செய்வது. வீட்டு மாடியில் 40 சென்டிமீட்டர் தொலைநோக்கி. 2016 செப்டம்பர் 20-ஆம் நாள் புதிதாக வாங்கிய காமிராவைச் சோதித்துப் பார்க்க, தலைக்கு மேலே இருந்த என்.ஜி.சி. 613 என்னும் திரளைச் சிறு சிறு படங்களாக வரிசையாக எடுத்தார். தொடக்கப் படங்களில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு புள்ளி. படத்துக்குப் படம் அது பிரகாசமாகி வந்தது. நொறுங்கும் விண்மீனின் உள்ளிருந்து கிளம்பிய அதிர்ச்சி அலை மேற்பரப்பைக் கிழித்து வெளியேறும் அந்தத் தொடக்கக் கணத்தைச் சாதாரண ஒளியில் அதுவரை எவரும் அப்படிப் பிடித்ததில்லை. 2018-இல் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. மெலினா பெர்ஸ்டன் தலைமையிலான விஞ்ஞானிகளின் பெயர்களோடு பூசோவின் பெயரும் ஆசிரியர் வரிசையில் உண்டு. நன்றி கூறும் அடிக்குறிப்பில் அல்ல, ஆசிரியர் வரிசையில்! எனக்கு இச்செய்தியில் மிகவும் பிடித்தது அதுதான். அது அதிர்ஷ்டம் என்பார்கள். இருக்கலாம். முன்னும் பின்னும் எடுத்த படங்களை முறையாகச் சேமித்து, நேரம் குறித்து வைக்கும் பழக்கம் இல்லாதவனுக்கு அந்த அதிர்ஷ்டம் வந்திருந்தாலும் பயன்பட்டிராது.

இனி இயந்திரங்களின் காலம், மனிதக் கண்ணுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாலோமர் மலையில் 2018 முதல் ஒரு தானியங்கிக் காமிரா வட வானத்தைத் துழாவி வருகிறது. சிலியில் வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது, 8.4 மீட்டர் ஆடி. ஓர் இரவில் இலட்சக்கணக்கான மாறுதல்களை அறிவிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. எவான்ஸ் நாற்பது ஆண்டில் கண்டதை அது மூச்சு விடுவதற்குள் கண்டுவிடும். மறுக்கவில்லை.

ஆயினும் 2023 மே 19-ஆம் நாள் நடந்ததைக் கவனியுங்கள். ஜப்பானின் யமகட்டா நகரைச் சேர்ந்த கோயிச்சி இத்தகாக்கி, தின்பண்டத் தொழில் நடத்தியவர். நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்டவர். அன்று எம்101 என்னும் திரளில், சுமார் 2.1 கோடி ஒளியாண்டுத் தொலைவில், ஒன்றைக் கண்டு அறிவித்தார். சில மணி நேரத்துக்குள் நிறமாலை எடுக்கப்பட்டு இரண்டாம் வகை என்று தெரிந்தது. அதற்கு முந்திய மணிகளிலேயே தானியங்கிக் காமிராக்கள் சிலவற்றின் படங்களில் அது பதிந்திருந்தது பின்னர்தான் வெளிவந்தது. படத்தில் இருந்தது, ஆனால் இதோ என்று முதலில் சொன்னவர் இத்தகாக்கி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று பற்றாக்குறை கண்டுபிடிப்பில் இல்லை, வகைப்படுத்துவதில்தான். அறிவிக்கப்படும் புள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு நிறமாலை எடுக்கப்படுவதே இல்லை. அதற்குப் பெரிய தொலைநோக்கிகளின் நேரம் போதவில்லை. பிரகாசமான நோவாக்களுக்காவது உதவுவோம் என்று, சிறு தொலைநோக்கியில் நிறமாலைமானியைப் பொருத்தி இரவுதோறும் பதிவு செய்யும் ஆர்வலர்கள் ஐரோப்பாவில் பலர் இருக்கிறார்கள். காண்பது ஆர்வலர் வேலை, வகைப்படுத்துவது வல்லுநர் வேலை என்ற பழைய பங்கீடுகூட இப்போது கரைந்து வருகிறது. இயந்திரம் காண்கிறது, ஆர்வலர் நிறமாலை எடுக்கிறார்!

எனவே கண்டவர் யார் என்ற வழக்கில் என் தீர்ப்பு இது. முதலில் கவனித்துச் சொன்னவர், வகை அறிந்தவர் இருவர் பெயரும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் நிற்க வேண்டும். பூசோவுக்குச் செய்ததை விதிவிலக்காக வைக்காமல் வழக்கமாக்க வேண்டும். ஆர்வலரைக் குறிக்க நம் தமிழ் நூல்களில் சிலர் எழுதும் 'பொழுதுபோக்கு வானியலார்' என்ற சொல்லையும் கைவிட வேண்டும். இரவு முழுதும் பனியில் நிற்பது பொழுதுபோக்கா?

இதெல்லாம் அயல்நாட்டுச் சங்கதி என்று எண்ணும் நண்பர்களுக்காக நம் ஊர்ச் செய்தி ஒன்று. 1863 மே 20-ஆம் நாள், சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு புதிய விண்மீனைக் கண்டார். விருச்சிகத்தின் தலைப்பக்கம், அனுஷத்துக்கு அடுத்து. 'யூ ஸ்கார்ப்பி' என்று இன்று உலகம் அறிந்த நோவா அது. விண்மீன்களின் ஒளித்தரத்துக்கு நாம் பயன்படுத்தும் மடக்கைச் சூத்திரத்தைத் தந்தவரும் இதே போக்சன்தான். அவருக்கு உதவியாளராக அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் 'ஆர் ரெட்டிகுலி' என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டார். அந்த வானாய்வகத்தின் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. நம் ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது.

போக்சன் கண்ட அந்த நோவா ஒருமுறை வெடித்து ஓய்ந்துவிடும் வகையைச் சேர்ந்ததன்று. 1906, 1936 ஆகிய ஆண்டுகளிலும் வெடித்தது. ஆனால் அப்போது யாரும் கவனிக்கவில்லை. ஹார்வர்டு வானாய்வகத்தின் பழைய படத்தகடுகளைப் பின்னாளில் தேடியபோதுதான் தெரிந்தது. காரணம், அது ஒருசில நாட்களுக்குள் மங்கிவிடுகிறது. போதாக்குறைக்குக் கார்த்திகை, மார்கழியில் சூரியன் அந்தப் பக்கம் வந்து மறைத்துக்கொள்கிறது. பின்னர் 1979, 1987, 1999 என்று வெடித்தது. 2010 ஜனவரி 28-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இரு ஆர்வலர்கள் பிடித்தனர். 2022 ஜூன் 6-இல் ஜப்பானிய ஆர்வலர் ஒருவர் பிடித்தார். அங்குள்ள வெள்ளைக் குள்ளனின் நிறை, சூரியனைப் போல் 1.4 மடங்கு என்ற எல்லையை நெருங்கியிருப்பதாகக் கருதுகின்றனர். அந்த எல்லையைக் கணக்கிட்ட சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். நம்மைப் போல் ஓர் அரசுக் கல்லூரி மாணவர்.

நம் துறையின் கண்ணாடி அலமாரியில் ஒரு சிறு தொலைநோக்கி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆய்வுக் குழு வரும் நாளில் துடைத்து வைக்கப்படுகிறது. அதை மாதத்தில் இரண்டு இரவு, நிலவில்லா நாட்களில், விடுதி மொட்டை மாடிக்கு எடுத்துச் செல்லத் துறைத் தலைவர் அவர்கள் அனுமதி தர வேண்டும். உடன் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், பார்த்த விண்மீன்கள், பார்த்தவர் பெயர். அது தவறாமல் அடுத்த ஆண்டு மாணவர் கைக்குப் போக வேண்டும். 'யூ ஸ்கார்ப்பி' பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெடிக்கும் கணக்கு நீடித்தால், 2030-களின் முற்பகுதியில் மறுபடியும் வெடிக்கும். உச்சத்தில் ஏழரை ஒளித்தரம் வரை வரும். அலமாரியில் இருக்கும் தொலைநோக்கியே அதற்குத் தாராளம். வைகாசி, ஆனி மாதங்களில் விருச்சிகம் முன்னிரவிலேயே தென்கிழக்கில் எழுந்துவிடும். விடுதி மாடியின் அந்தப் பக்கம் தெரு விளக்கும் இல்லை.